எக்குமெனிக்கல்: குடியிருப்பைக் குறித்த சொல்

ஜனவரி 18 முதல் 25 வரை சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க சபையார் ஒரே கோயிலில் கூடி ஜெபிக்கும் வழக்கம் உண்டு. அழைப்பிதழில் ‘எக்குமெனிக்கல் ஆராதனை’ என்று போட்டிருக்கும். பொருள் கேட்டால் பலர் ‘எல்லா மதத்தாரும் சேர்வது’ என்பார்கள். அது பல்சமயக் கூட்டம். இது கிறிஸ்தவச் சபைகளுக்குள் நடப்பது.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ஓய்க்கோஸ் என்றால் வீடு. அதிலிருந்து வந்த ஓய்க்கூமெனே என்பது ‘மக்கள் குடியிருக்கும் நிலம்’. ரோமர் காலத்தில் அது நடைமுறையில் பேரரசையே குறித்தது. பைபிளில் லூக்கா 2:1-ல் ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் ‘உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டும்’ என்று கட்டளையிடுகிறானே, அந்த ‘உலகம்’ மூலத்தில் ஓய்க்கூமெனேதான். தமிழில் பக்கத்திலேயே ‘குடி’ வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல் என்றாலும் பொருத்தம். வீடு, குடும்பம், குடிமக்கள் எல்லாம் நமக்கும் ‘குடி’தானே.

அப்புறம் சொல் சபைக்குள் வந்தது. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கத்துக்கு இந்த அடைமொழி கிடைத்தது. அதைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘பொதுச்சங்கம்’ என்கிறார்கள், நல்ல பெயர். பிரிந்த சபைகள் நெருங்கி வருவது என்ற இன்றைய பொருள் 20-ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. 1948-ல் ஆம்ஸ்டர்டாமில் 147 சபைகள் சேர்ந்து உலகத் திருச்சபைகள் மன்றத்தை அமைத்தன. கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் அதில் உறுப்பினர் இல்லை, ஆனால் கூட வேலை செய்கிறது.

சரி, சபைகள் சேர்ந்தால் என்ன ஆகும்? சூடானைப் பார்க்கலாம். 1955-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் வடக்கு அரசையும் தெற்குக் கிளர்ச்சியாளரையும் பேச வைத்தது இந்த உலக மன்றமும் அனைத்து ஆப்பிரிக்கச் சபைகள் மாநாடும்தான். 1972-ல் அடிஸ் அபாபாவில் உடன்படிக்கை ஆனது. பேச்சுகளை நடத்திக்கொடுத்தவர் லைபீரியாவைச் சேர்ந்த பாதிரியார் பர்ஜஸ் கார். அந்தச் சமாதானம் 11 ஆண்டுகள் நின்றது. 1983-ல் போர் மறுபடி மூண்டது.

இரண்டாவது போரில் இன்னொரு வெடிப்பும் வந்தது. 1991-ல் தெற்குப் படையே இரண்டாகப் பிரிய, டிங்கா மக்களும் நுவேர் மக்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். 1999-ல் தெற்கில் இயங்கிய சபைகளின் கூட்டமைப்பான ‘புதிய சூடான் திருச்சபைகள் மன்றம்’ வுன்லிட் என்ற இடத்தில் இரு தரப்பையும் கூட்டியது. இதற்கென்றே அங்கே குடிசைகள் போட்டு ஒரு ஊரையே எழுப்பினார்கள். தலைவர்கள் தங்கள் குறைகளை எதிராளியின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சபைகள் கூட்டிய கூட்டத்தில் வெள்ளைக் காளையும் பலியானது, ஏனென்றால் அந்த மக்களுக்குச் சத்தியம் என்றால் அதுதான். கடத்தப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் திருப்பி அனுப்பவும், மேய்ச்சல் நிலத்தையும் மீன்பிடி இடங்களையும் பகிர்ந்துகொள்ளவும் ஒப்புக்கொண்டார்கள். சுமுகமாகப் பழகுவது என்ற அளவில் ‘எக்குமெனிக்கல்’ என்ற சொல்லைப் புரிந்துகொண்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது வுன்லிட்டைத்தான்.

2023 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ், கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, ஸ்காட்லாந்துத் திருச்சபைத் தலைவர் இயன் கிரீன்ஷீல்ட்ஸ் மூவரும் சேர்ந்தே தென் சூடானின் ஜூபாவுக்குப் போனார்கள். அந்தப் பயணத்துக்கும் ‘எக்குமெனிக்கல்’ என்றே பெயர்.

தமிழில் என்ன சொல்லலாம்? புராட்டஸ்டன்ட் சபைகளில் ‘ஐக்கியம்’ புழங்குகிறது. ஆனால் அது ஜெபக்குழுவின் பெயராகவும் வாலிபர் சங்கத்தின் பெயராகவும் தேய்ந்துவிட்டது. ‘ஒற்றுமை’ என்றால் முடிந்துபோன காரியம் போலத் தொனிக்கிறது. கத்தோலிக்கர் எழுதும் ‘கிறிஸ்தவ ஒன்றிப்பு’ எனக்குப் பிடிக்கும். ஒன்றுசேரும் வேலை இன்னும் நடக்கிறது என்பது அதில் தெரிகிறது. ‘ஒன்றிப்பு வழிபாடு’, ‘ஒன்றிப்பு இயக்கம்’ என்று தாராளமாக எழுதலாம். மூலத்தில் இருந்த வீடு மட்டும் அதில் விட்டுப்போகிறது. ‘குடி’யை வைத்து ஒரு சொல் கட்டிப் பார்த்தேன், எதுவும் வாயில் நிற்கவில்லை.