உவமைக்குக் கீழே கோடு போட்டால் பாட்டு புரிந்துவிடாது

இந்த வாரமும் ஒரு கட்டு விடைத்தாள். குறுந்தொகை 25ஆம் பாட்டு பற்றிய கேள்விக்கு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: "தினைத்தாள் அன்ன என்னுமிடத்தில் உவமை அணி பயின்று வந்துள்ளது." அதன் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கேட்ட கேள்விக்கு விடை சரி, மதிப்பெண்ணைக் குறைக்க வழியில்லை, முழுசாகப் போட்டேன். ஆனால் பாட்டு என்ன சொல்கிறது என்பது அந்தக் கட்டில் யாருக்கும் பிடிபட்டதாகத் தெரியவில்லை. ஆண்டுதோறும் இதே கதைதான் என்பதால் இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

பாட்டு இது. கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

ஊரறியாமல் ஒருவனோடு சேர்ந்துவிட்ட பெண் பேசுகிறாள். அவன் கொடுத்த வாக்கை மீறினால் நான் என்ன செய்வேன், அன்று அங்கே வேறு யாருமே இல்லையே என்கிறாள். சொன்ன பிறகு நினைவைத் துழாவுகிறாள். ஒரு குருகு இருந்தது! ஆனால் அது ஓடும் நீரில் ஆரல் மீனையல்லவா பார்த்துக்கொண்டிருந்தது? இருந்த ஒரே சாட்சியின் கண்ணும் இரை மேல். அந்தக் குருகையும் அவனையும் நாம் சேர்த்துப் பார்க்கிறோமா இல்லையா என்பதை நம்மிடமே விட்டுவிட்டு அவள் நிறுத்திக்கொள்கிறாள். 'போல' இல்லை, 'அன்ன' இல்லை. பாட்டின் பெரிய உவமை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. தமிழ் மரபு இதை உள்ளுறை என்று சொல்லும்.

சரி, அந்தத் தினைத்தாள், அதாவது தினைப்பயிரின் தண்டு, எதற்கு? குருகின் கால் பச்சையாக, மெல்லியதாக, தினைத்தாள் போல இருந்தது என்று இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறாளே, ஏன்? அந்த நாள் அவளுக்கு அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. பொய் சொல்கிறவளுக்குப் பறவையின் கால் நிறம் ஞாபகம் இருக்காது. அந்த உவமை அவள் தரும் சாட்சியம் என்றுதான் நான் படிக்கிறேன். கோடு போட்ட பிள்ளை அதைத் தொட்டுவிட்டுத் திரும்பிவந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது பெற்றோர்களும், சில வேளை நம் சக ஆசிரியர்களும் சொல்லும் ஒரு வாக்கியம். "கருத்து புரிஞ்சிருச்சுல்ல, அப்புறம் என்ன?" கருத்து தனியாக இருக்கிறதாம், எதுகை மோனை உவமையெல்லாம் அதன் மேல் பூசிய மினுக்காம், சுரண்டி எடுத்தாலும் கருத்து அப்படியே இருக்குமாம். இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லவே இல்லை. கம்பன் சூர்ப்பணகையை இராமன் முன்னால் கொண்டுவரும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடியள் ஆகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

இதன் 'கருத்து' என்ன? அரக்கி அழகிய பெண் வடிவெடுத்து வந்தாள். ஒரு வரி. கைடில் அந்த ஒரு வரி இருக்கிறது. இப்போது பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பஞ்சி, விஞ்சு, செஞ்செவிய, கஞ்சம், அஞ்சொல் என்று அந்த 'ஞ்ச' சதங்கை மாதிரி காதில் விழுந்துகொண்டே வருகிறது. மயில், அன்னம், வஞ்சிக்கொடி என்று உவமைகள் வரிசையாக, எல்லாம் 'என', 'என' என்று ஒரே நடையில். காது சொக்கிப்போயிருக்கும் அந்த நேரத்தில், அதே 'ஞ்ச', அதே 'என': நஞ்சமென. நஞ்சு உள்ளே வந்ததே தெரியவில்லை. அடுத்த சொல் வஞ்சமகள். வஞ்சிக்கும் வஞ்சத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள்!

அந்த இடத்தில் 'விடமென' என்று போட்டிருந்தால் பொருள் மாறாது. ஆனால் ஓசை முறிந்து நாம் உஷாராகியிருப்போம். கம்பன் நம்மை உஷாராக விடவில்லை. அவள் இராமனுக்குச் செய்ய வந்த ஏமாற்றை, பாட்டு நம் காதுக்குச் செய்து காட்டிவிடுகிறது. இதைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கருத்து என்கிறீர்களா?

எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்றும் இருக்கிறது. வல்லினம் வந்தால் கோபம், மெல்லினம் வந்தால் காதல் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். மேலே நஞ்சும் வஞ்சமும் மெல்லினத்தில் வந்ததை இப்போதுதான் பார்த்தோம். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக" என்ற குறளில் பெரும்பாலும் வல்லின மெய்கள். வள்ளுவர் யாரிடம் கோபித்துக்கொள்கிறார்? ஓசைக்குத் தனியாக அகராதி கிடையாது. எந்தச் சொல்லில் ஏறி உட்காருகிறதோ அதிலிருந்துதான் அது பொருளை எடுத்துக்கொள்ளும்.

ஔவையாரின் குறுந்தொகை 28 இதற்கு நல்ல பாடம். "முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்" என்று காதல் நோயில் தவிக்கும் தலைவி தொடங்குகிறாள். ட்டு, க்கு என்று மூச்சு இரண்டு முறை இடித்து நிற்கிறது. அவள் சொல்வதும் இடிப்பதைத்தான். மூன்றாம் அடியில் "ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்". ஓசை குறையும்போது நெடில் நீள்வது அளபெடை என்று எழுதி மார்க் வாங்குகிறோம். இங்கே நீள்வது அந்தப் பெண்ணின் கூக்குரல். ஆ என்றால் 2 மாத்திரை, ஆஅ என்றால் 3. அந்தக் கூடுதல் ஒரு மாத்திரையில் அவள் வாய் திறந்தே இருக்கிறது. பிறகு "அலமரல் அசைவளி அலைப்ப" என்று நாக்கு லகர ரகர ளகரங்களில் எங்கும் முட்டாமல் சுழல்கிறது, காற்று சுழல்கிற மாதிரி. கடைசியில், இவள் நோய் அறியாமல் "துஞ்சும் ஊர்க்கே". இந்தப் பாட்டுக்கு ஒரு மாணவன் எழுதிய விடை: "இதில் அணி ஏதும் இல்லை."

பிள்ளைகளே, முதல் வாசிப்பு வாய்விட்டு இருக்கட்டும். மனசுக்குள் படிக்காதீர்கள். உரையைத் திறக்குமுன் பாட்டைக் குறைந்தது இரண்டு தடவை சொல்லுங்கள். புரியவில்லையா, பரவாயில்லை, எங்கே நாக்கு தடுக்கியது, எங்கே ஓடியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சொல் பிரித்துப் பொருள் காண்பது அப்புறம். உவமை கண்ணில் பட்டதும் பெயர் வைத்துவிட்டு ஓடாதீர்கள். தொல்காப்பியம் வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று உவமைக்கு நான்கு வகை சொல்கிறது. எதில் ஒப்பு என்று கேளுங்கள். கல்யாணப் பத்திரிகைகளில் அச்சடிக்கும் "செம்புலப் பெயல்நீர் போல" நிறத்துக்காக வந்த உவமை என்றே பலர் நினைக்கிறார்கள். மழைநீரும் செம்மண்ணும் கலக்கும் செயலைப் பாருங்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது என்பதைப் பாருங்கள். அந்தப் புலவரின் சொந்தப் பெயர்கூட நமக்குத் தெரியாது. இந்த உவமையாலேயே அவர் செம்புலப்பெயல்நீரார் ஆனார்.

பெற்றோர்களே, "பொழிப்புரையை மட்டும் படி" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளை சத்தமாகப் படித்தால் டிவி ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சக ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள். வாய்பாடும் அலகிடுதலும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவை வேண்டும். கூடவே ஸ்லிப் டெஸ்டில் ஒரு கேள்வியை மாற்றிக் கேளுங்கள். கும்பகருணனை எழுப்பும் பாட்டில் கம்பன் "எழுந்திராய் எழுந்திராய்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, "உறங்குவாய் உறங்குவாய் இனிக்கிடந்து உறங்குவாய்" என்று மூன்று முறை முடிப்பது ஏன்? 2 மதிப்பெண். ஒரு பிள்ளை கோணல்மாணலாக ஏதாவது எழுதினாலும், அது தானாக யோசித்தது என்று தெரிந்தால் 2 மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுங்கள்.