சொல் விளக்கம்: மீள்திறன்

அமெரிக்க மேற்கு மாநிலங்களின் காட்டுத்தீ பற்றிய எந்த அறிக்கையைப் பிரித்தாலும் ‘ரெசிலியன்ஸ்’ என்ற சொல் வந்துவிடும். மூலம் லத்தீன், ‘ரெசிலிரே’ என்றால் துள்ளித் திரும்புதல். சூழலியலில் இச்சொல்லுக்கு அழுத்தமான பொருள் தந்தவர் கனடா அறிஞர் சி. எஸ். ஹோலிங். 1973இல் வந்த கட்டுரையில் அவர் பார்த்தது, ஓர் இயற்கை அமைப்பு எவ்வளவு அடியைத் தாங்கியும் தன் இயல்பு மாறாமல் நீடிக்கும் என்பதை. எத்தனை வேகமாகப் பழையபடி ஆகிறது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

தமிழில் ‘மீட்சி’ என்று எழுதலாம்தான், ஆனால் அது இயற்பியலில் ரப்பருக்கும் கம்பிச்சுருளுக்கும் போய்விட்டது. ‘தாங்குதிறன்’ பாதிதான் சொல்கிறது. எரிந்தபின் துளிர்ப்பது அதில் வராது. ‘மீள்திறன்’தான் சரி. நோயிலிருந்து மீண்டார், கடனிலிருந்து மீண்டோம் என்கிறோமே, அந்த மீள்தல். மீண்டவர் உடம்பில் தழும்பு இருக்கலாம், ஆள் அவரேதான்.

பாண்டெரோசா பைன் காட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதிர்ந்த மரத்தின் பட்டை தடித்து, தட்டுத்தட்டாக உரியும். கீழ்க்கிளைகள் தாமே உதிர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் தீ சருகையும் கன்றுகளையும் தின்றுவிட்டுப் போகும், பெருமரம் நிற்கும். வடக்குக் கலிபோர்னியாவின் கரூக், யூரோக் பழங்குடி மக்கள் காட்டைத் தாங்களே அளவாக எரித்து வந்தவர்கள். எரித்த ஹேசல் புதரிலிருந்து நேராக எழும் குச்சிகள்தான் கூடை முடைய உகந்தவை. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பகுதியில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்தப் பயத்தில் எல்லாத் தீயையும் அணைப்பதே கொள்கையாகிவிட்டது. தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935இல் அமெரிக்க வனத்துறை விதியே போட்டது. அப்புறம் கன்றுகள் நெருங்கி வளர்ந்து, தீ உச்சிக்கு ஏற ஏணியாயின. நல்ல எண்ணத்தில் செய்த காவல் காட்டின் மீள்திறனைத்தான் தின்றது. அதனால்தான் இன்று நெருங்கிய மரங்களில் சிலவற்றை வெட்டிக் கலைத்துவிடுவதும் திட்டமிட்டு எரிப்பதும்.

மேய்ச்சல் நிலத்தில் கதை தலைகீழ். நெவாடா, யூட்டா பக்கத்துத் தாழ்ந்த, வறண்ட சேஜ்பிரஷ் புதர்வெளியில் தீ பட்டால் அந்தப் புதர் அடியிலிருந்து துளிர்ப்பதில்லை. விதை விழுந்துதான் வர வேண்டும். அதற்குள் யுரேசியாவிலிருந்து வந்த சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல் இடத்தைப் பிடித்துவிடும். கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து, மறுபடி தீப்பிடிக்கும். இப்படியே சில முறை எரிந்தால் புதர்வெளி வெறும் புல்வெளியாகி, சேஜ் கிரவுஸ் பறவைக்கு ஒதுங்க இடமிருக்காது. இங்கே எரிப்பது மருந்தல்ல. தீ பரவாமல் தடுக்கும் நிலப்பட்டைகள் அமைப்பது, நாட்டுப் புல்விதை தூவுவது, பல்லாண்டுப் புல் கொத்துகளை மாடு அடியோடு கடிக்காமல் மேய்ச்சலை மட்டுப்படுத்துவது என்று வேலை வேறு.

இங்கேதான் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்ற ஜோடிச் சொல் தேவைப்படுகிறது. அந்நியப் புல்லை உள்ளே விடாத வலு அது. ‘எதிர்ப்புத்திறன்’ என்பது பொருந்தும். இரண்டையும் ‘மீள்திறன்’ என்றே மொழிபெயர்ப்பது தவறு. குளிர்ந்த, ஈரமான மேட்டுப் புதர்வெளியில் இரண்டும் அதிகம், வெப்பமான தாழ்நிலத்தில் இரண்டும் குறைவு. எரிந்த நிலத்தில் எங்கே விதைப்பது என்று முடிவெடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.