சொல் விளக்கம்: மீடிறன் கூட்டுப்பாவனை (ஏன் ‘அலைக்கற்றைப் பங்கீடு’ பிழை)

2025 யூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவை தொடங்கியதிலிருந்து செய்மதி, உரிமம், மீடிறன் என்று தமிழில் நிறைய எழுதுகிறார்கள். நல்ல விஷயம். வன்னியில் இன்னும் ஒழுங்காகச் சிக்னல் கிடைக்காத ஊர்கள் இருக்கின்றன, அங்கே இருப்பவர்களுக்கு இது சொந்த விஷயம். ஆனால் இந்தக் கட்டுரைகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: ‘அரச, வணிகச் செய்மதிகளுக்கிடையே அலைக்கற்றைப் பங்கீடு’. ஆங்கிலத்தில் ‘ஸ்பெக்ட்ரம் ஷெயாரிங்’ என்பதை, அதாவது ஒரே றேடியோ மீடிறன்களைப் பலர் ஒருவருக்கொருவர் இடைஞ்சலில்லாமல் பாவிப்பதை, இப்படி எழுதுகிறார்கள். ஒருவர் எழுத, அதை அடுத்தவர் எடுக்க, இப்போது இதுதான் சரியான சொல் என்று ஆகிவிட்டது.

இது பிழை. சொல்லவந்த கருத்துக்கு நேரெதிரான கருத்தைத் தருகிற பிழை. கிளிநொச்சியில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளோடு இதைப் பற்றிக் கதைத்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப சேர், அரசாங்கத்துக்கு எத்தனை வீதம், கம்பனிக்கு எத்தனை வீதம்?” அவள் தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். பங்கீடு என்றால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஸ்பெக்ட்ரம் இலத்தீன் சொல், ‘பார்’ என்ற வினையிலிருந்து வந்தது, பழைய பொருள் ‘தோற்றம்’. அரியத்தில் பிரிந்த நிறங்களுக்கு அதை நியூட்டன் பயன்படுத்தினார், அவருடைய கடிதம் 1672இல் அச்சானது. பிறகு கண்ணுக்குத் தெரியாத அலைகளுக்கும் அதே பெயர் நீண்டது. எங்கள் பாடப்புத்தகங்களில் இதற்குத் ‘திருசியம்’ என்று ஒரு சொல் உண்டு, வடமொழியில் காணப்படுவது என்று பொருள், ஆக இலத்தீனோடு நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் காணவே முடியாத றேடியோ அலைக்கு அதைச் சொல்வது பிள்ளையைக் குழப்பும். ‘நிறமாலை’ ஒளிக்கு அழகு, றேடியோவுக்கு நிறமில்லை. மீடிறன் என்பது மீள் + திறன், நாள் + தோறும் நாடோறும் ஆவதுபோல. ஒரு செக்கனில் எத்தனை தடவை மீள்கிறது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் அதிர்வெண் என்கிறார்கள், அதுவும் நல்ல சொல். நான் மீடிறனோடு நிற்கிறேன்.

சரி, இந்தக் கூட்டுப்பாவனை நடைமுறையில் எப்படி இருக்கும்? 137 முதல் 138 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள சின்ன வீச்சை எடுங்கள். அமெரிக்க அரசின் நோவா வானிலைச் செய்மதிகள் பல ஆண்டுகளாக இதில்தான் மேகப் படங்களை அனுப்பின. இரண்டு அலுமினியக் குழாயை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, 120 பாகையில் வி வடிவமாக விரித்து, மலிவான யுஎஸ்பி றேடியோ வாங்கி (றிசீவர்) ஒன்றோடு மடிக்கணினியில் பூட்டிவிட்டு வயல்வெளியில் நின்றாலே போதுமாக இருந்தது, செய்மதி தலைக்கு மேலால் போகிற பத்துப் பதினைந்து நிமிடத்தில் வங்காள விரிகுடா முழுவதும் திரையில் வரிவரியாக இறங்கியது. அவற்றில் கடைசியாக இருந்த மூன்று செய்மதிகளையும் 2025இல் ஓய்வுபெறச் செய்துவிட்டார்கள், ரஷ்யாவின் மெற்றியோர் செய்மதிகள் அதே வீச்சில் இப்போதும் அனுப்புகின்றன. அதே 137–138இல்தான் ஓர்ப்கொம் என்ற கம்பனியின் செய்மதிகளும் இருக்கின்றன. கொள்கலன், லொறி, கப்பல் எங்கே நிற்கிறது என்று சின்னச் சின்னச் செய்திகள் அனுப்புகிற வேலை அவற்றுக்கு.

இந்த வீச்சில் நோவாவோடு நேரம் வைத்துப் பாவிக்கும் வணிகச் செய்மதிகளுக்கு அமெரிக்க ஒழுங்குவிதி ஒரு நிபந்தனை வைத்தது. அரச வானிலைச் செய்மதிக்கு நிலத்தில் ஒரு ‘பாதுகாப்புப் பரப்பு’ உண்டு. செய்மதி நகர நகர அந்தப் பரப்பும் பூமியின் மேல் நகரும். வணிகச் செய்மதி அந்தப் பரப்புக்குள் சிக்னல் விழுத்தக் கூடாது. எங்கே எப்போது அரச செய்மதி வரும் என்று பாதையை முன்கூட்டியே கணித்து, அந்த நேரத்துக்குத் தன்னுடையதை நிறுத்தவேண்டும், அது கடந்து போனபின் திரும்பத் தொடங்கலாம். 400.15 முதல் 401 மெகாஹேர்ட்ஸ் வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செய்மதிகளோடும் இதே மாதிரியான ஏற்பாடுதான். இந்த வீச்சுகளைக் கம்பனிச் சிறு செய்மதிகளுக்கும் திறந்துவிட்டது 1992ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு.

இதில் யாருக்கு எத்தனை வீதம்? அந்தக் கேள்விக்கே இடமில்லை. இவர் மௌனமாக இருக்கும்போது அவர் முழுவதையும் பாவிக்கிறார், அவர் வரும்போது இவர் விலகுகிறார். நேரத்தால் விலகலாம், இடத்தால் விலகலாம், வலுவைக் குறைத்து விலகலாம், அன்ரெனா பார்க்கும் திசையால் விலகலாம். எதிலும் மீடிறன் துண்டாகவில்லை.

இனி ‘பங்கீடு’ என்ற சொல்லுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. குடும்பப் பங்கீட்டு அட்டையோடு சங்கக்கடை வரிசையில் நின்ற சனம் வாழ்கிற மண் இது. 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள், அதையும் எரிபொருள் பங்கீடு என்றுதான் சொன்னோம். ஆக பங்கீடு என்றால் இருப்பதைக் கூறுபோட்டு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது. நான் எடுத்தது உனக்கில்லை. மீடிறன் அப்படித் தீர்ந்துபோகிற பொருள் இல்லையே. அரிசி போல முடிவதில்லை, நிறுத்தின கணமே முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது.

அடுத்த காரணம் இன்னும் முக்கியம், இதைத்தான் மொழிபெயர்ப்பவர்கள் பார்ப்பதே இல்லை. பங்கீடு என்ற சொல் இந்தத் துறையில் வேறொரு வேலைக்கு வேண்டியிருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகள் முதலாம் உறுப்புரையிலேயே மூன்று செயல்களைத் தனித்தனியாக வரையறுக்கின்றன. ஒரு வீச்சை ஒரு சேவை வகைக்கு, அதாவது செய்மதி, ஒலிபரப்பு, கப்பல் என்று ஒரு வகைக்கு, விடுவது ஒன்று. ஒப்புக்கொண்ட திட்டத்தின்படி அதை நாடுகளுக்கோ பிரதேசங்களுக்கோ பிரித்துக் கொடுப்பது இன்னொன்று. ஒரு குறிப்பிட்ட நிலையத்துக்கு இந்த மீடிறனைப் பாவி என்று அனுமதி எழுதிக் கொடுப்பது மூன்றாவது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றிலும் மூன்றுக்கும் மூன்று சொல். தமிழில் மூன்றுக்கும் ‘ஒதுக்கீடு’ என்று ஒரே சொல்லைப் போட்டு அடிக்கிறார்கள். முதலாவது ஒதுக்கீடு, இரண்டாவது பங்கீடு, மூன்றாவது குறித்தளிப்பு என்று வைத்தால் எவ்வளவு தெளிவு! 1988இல் ஜெனீவாவில் செய்மதிகளுக்கு ஒரு திட்டம் முடிவானது. ஒவ்வொரு நாட்டுக்கும் பூமியோடு சுற்றும் வட்டத்தில் ஓர் இடமும் அதற்கு மீடிறனும் எழுதிவைத்தார்கள், பணக்கார நாடுகளே முந்திப் பிடித்துவிடாமல். அதுதான் உண்மையான பங்கீடு. அந்தச் சொல்லை அங்கே வைக்காமல் கூட்டுப்பாவனைக்குக் கொண்டுவந்து போட்டால், நாளைக்கு அந்தத் திட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர் எதை எழுதுவார்?

‘பங்குக் கிணறு என்கிறோமே, அதில் பங்கு இருக்கிறதே’ என்று ஒரு நண்பர் வாதாடினார். நல்ல கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். காணி உறுதியில் கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் என்று எழுதியிருக்கும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் கிணற்றுக்கு நடுவில் யாரும் மதில் கட்டுவதில்லை. பங்கு என்பது அங்கே உரிமை, இறைப்பதோ முறைவைத்து. உன் முறையில் கிணறு முழுக்க உனக்கு. அவர் சொன்ன உதாரணமே என் பக்கம்தான் சாய்கிறது: பங்கு இருக்கலாம், பங்கீடு நடக்கவில்லை. பங்கு வேறு, பங்கீடு வேறு. பங்கோடு ‘ஈடு’ சேர்ந்தவுடன் அளந்து பிரிக்கும் செயல் வந்துவிடுகிறது. மீடிறன் ‘முறைப்பாவனை’ என்று சொல்லலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். நேரத்தால் மாறுகிற இடத்துக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் வேறு திசையில், வேறு வலுவில் பாவிக்கிற இடங்களுக்கு அது போதாது.

‘பகிர்வு’ பற்றி. இதை எழுதுபவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. முகநூலில் படம் பகிர்ந்தால் படம் குறைவதில்லை, இளம் பிள்ளைகளின் தமிழில் பகிர்தல் அந்தப் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. ஆனாலும் அரசாங்கம் ஒரு பக்கம் நிற்கிற விஷயத்தில் இங்கே ‘பகிர்வு’ என்றாலே ‘அதிகாரப் பகிர்வு’ காதில் விழும். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்து நாங்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் அது, மத்தி வைத்திருப்பதில் ஒரு பகுதியைப் பிரித்து மாகாணத்துக்குக் கொடுப்பது என்ற பொருளில். மீடிறனில் அரசு எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை, தான் பாவிக்கிற இடத்துக்குள் இன்னொருவரையும் நிபந்தனையோடு விடுகிறது. அதனால் பகிர்வும் வேண்டாம் என்பேன், பங்கீட்டைவிட எவ்வளவோ மேல் என்றாலும்.

‘அலைக்கற்றை’ பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2ஜி வழக்குக் காலத்தில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பரப்பிய சொல், 2012 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை இரத்துச் செய்தபோது அது வீட்டுக்கு வீடு போய்விட்டது, இங்கேயும் வந்துவிட்டது. கைத்தொலைபேசிச் செய்தியில் அதால் பெரிய சேதமில்லை. செய்மதிக்கு வரும்போதுதான் சிக்கல். கற்றை என்றால் சேர்த்துக் கட்டியது, மயிர்க்கற்றை, ஒளிக்கற்றை. செய்மதியின் அன்ரெனா நிலத்தை நோக்கி அனுப்பும் ஒடுங்கிய அலைத்தொகுதியும் கற்றைதான், ஒரு செய்மதியில் அப்படிப் பல கற்றைகள் இருக்கும். ஒரே மீடிறனைத் தூரத் தூரக் கற்றைகளில் திரும்பத் திரும்பப் பாவிப்பதுதான் இன்றைய செய்மதி இணையத்தின் உயிர். இதை ‘ஒரே அலைக்கற்றையைப் பல கற்றைகளில்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு என்ன விளங்கும்? வீச்சைச் சொல்ல மீடிறன் வீச்சு இருக்கிறது, கற்றையைக் கற்றைக்கே விட்டுவிடுங்கள்.

சொல் பிழைத்தால் வாதமே பிழைக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. அங்கே 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் சில செய்மதிச் சேவைகளுக்கு ஏலமில்லாமல் நிர்வாக முறையில் மீடிறன் கொடுக்க வழிவிட்டது. ஏலம் வேண்டாம் என்றவர்கள் சொன்ன முக்கிய காரணம், செய்மதி மீடிறனைப் பலர் ஒன்றாகப் பாவிக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் எழுதி விற்க முடியாது என்பது. அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் ‘பங்கீடு’ என்று வாசித்தவருக்கு அந்த வாதமே தலைகீழாகத் தெரியும்: பங்குபோட முடியுமென்றால் ஏன் ஏலம்விட முடியாது என்றுதான் கேட்பார்.

ஆகவே கூட்டுப்பாவனை. கூட்டு என்றால் எல்லாரும் சரிசமம் என்று ஆகிவிடாதா என்று கேட்கலாம். கூட்டுக்குடும்பத்தில் எல்லாரும் சமமா? ஒன்றாக இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல் சொல்கிறது, யாருக்கு முன்னுரிமை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். ‘பாவனை’ தமிழ்நாட்டவருக்கு நடிப்பு மாதிரிக் கேட்கும் என்பது உண்மை. இங்கே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை என்று அரச நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிற சொல், சந்தையிலும் கந்தோரிலும் புழங்குகிற சொல், அதைக் கூச்சப்பட்டு விடத் தேவையில்லை. அங்கே உள்ளவர்களுக்கு எழுதினால் ‘கூட்டுப்பயன்பாடு’ என்று போடுங்கள், பொருள் கெடாது.

எனக்குக் கோபம் பங்கீடு என்ற ஒரு சொல்லில் மட்டும் இல்லை. மொழிபெயர்ப்பவர் பலர் அந்த விஷயம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதில்லை. அகராதியில் முதல் பொருளை எடுக்கிறார்கள், அல்லது இயந்திரம் தந்ததை அப்படியே ஒட்டுகிறார்கள். இலங்கையில் தொலைத்தொடர்பு பற்றிய சட்டங்களையும் அவற்றின் கீழ் வரும் ஒழுங்குவிதிகளையும் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் மொழியில் வாசித்து விளங்கிக்கொள்ள உரிமை உள்ளது, அது அரசியலமைப்பில் இருக்கிற உரிமை. தமிழ்ப் பக்கம் இருந்தும் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் விளங்கும் என்றால் அந்த உரிமை தாளில் மட்டும்தான் இருக்கிறது.

இதோடு சேர்ந்து வருகிற இன்னொரு பிழை. ஒரே வீச்சில் ஒரு சேவைக்கு முன்னுரிமையும் மற்றதற்கு அதற்குக் கீழான நிலையும் இருக்கும்போது, இரண்டாவதை ‘இரண்டாம் தரச் சேவை’ என்று எழுதுகிறார்கள். தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மிக உயர்ந்த கருவிகளோடு நடக்கிற சேவையும் அந்த நிலையில் இருக்கலாம். விதி சொல்வது இரண்டு விஷயம்: முன்னுரிமை உள்ளவருக்குத் தீங்கான தலையீடு செய்யக் கூடாது, அவரால் வரும் தலையீட்டுக்கு முறைப்பாடு சொல்லிப் பாதுகாப்புக் கேட்கவும் முடியாது. முதனிலைச் சேவை, துணைநிலைச் சேவை என்று எழுதுங்கள்.