நாற்றம் போனால் கந்தகம் போனதாகாது: எண்ணெயில் பெராக்சைடு சேர்ப்போர் கவனத்துக்கு

பழைய டயர்களைக் காற்றில்லாமல் சூடேற்றி எடுக்கும் பைரோலிசிஸ் எண்ணெயில் எடைக்கணக்கில் சுமார் 1 சதவீதம் கந்தகம் இருக்கும். அதாவது 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10,000 பங்கு). 2020 ஏப்ரல் முதல் இந்தியா முழுவதும் விற்கப்படும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசுத்தரம்) டீசலுக்கான உச்சவரம்பு 10 பிபிஎம். இந்த இடைவெளியைக் குறைக்க, ஹைட்ரஜன் கொண்டு கந்தகம் நீக்கும் வசதியில்லாத சிறு ஆலைகள், எண்ணெயில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துக் கந்தகத்தை ஆக்சிஜனேற்றும் வழியை நாடுகின்றன. முறை நல்ல முறைதான். ஆனால் அதில் பாதியை மட்டும் செய்துவிட்டு, வேலை முடிந்ததாக நினைப்பதுதான் ஆபத்து.

வினையூக்கியோடு ஆக்சிஜனேற்றம் செய்யும்போது கந்தகம் எண்ணெயை விட்டு வெளியேறுவதில்லை. டைபென்சோதயோஃபீன் போன்ற, எண்ணெயிலுள்ள கந்தகச் சேர்மங்களின் கந்தக அணுவில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து, அது சல்ஃபோன் என்னும் சேர்மமாக மாறுகிறது. முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது) கூடுவதால் அதைத் தனியே பிரித்தெடுக்க முடிகிறது. அவ்வளவுதான். பிரிக்காவிட்டால் அத்தனை கந்தகமும் எண்ணெயிலேயே இருந்து, எரிக்கும்போது சல்ஃபர் டையாக்சைடாகப் புகைபோக்கி வழியே போகும். மூக்கைத் துளைக்கும் மெர்காப்டன்கள் என்னும் கந்தகச் சேர்மங்கள் டைசல்ஃபைடாக மாறிவிடுவதால் நாற்றம் மட்டும் உடனே அடங்கும். சுத்திகரிப்பு ஆலைகளின் மெராக்ஸ் முறையிலும் இதேதான் நடக்கிறது: கோபால்ட் தாலோசயனின் வினையூக்கியும் காற்றும் சேர்ந்து மெர்காப்டனை டைசல்ஃபைடாக்கும். டைசல்ஃபைடைத் தனியே பிரித்தெடுக்காத மெராக்ஸ் வகையில் மொத்தக் கந்தகம் அப்படியே இருக்கும்.

பெரிய ஆலைகளில் ஹைட்ரஜன் கொண்டு கந்தகம் நீக்கும்போது கடைசி வரை அடம்பிடிப்பது 4,6-டைமெத்தில்டைபென்சோதயோஃபீன் என்னும் கந்தகச் சேர்மம். இரண்டு மெத்தில் தொகுதிகள் கந்தகத்தின் இருபக்கமும் நின்று, அது வினையூக்கியின் பரப்பை நெருங்கவிடாமல் தடுக்கின்றன. பெராக்சைடு முறையில் அதே மெத்தில் தொகுதிகள் கந்தகத்தின் எலெக்ட்ரான் அடர்த்தியைச் சற்றே கூட்டி உதவுகின்றன. மாறாக, வேறு வளையம் ஒட்டாத தனித் தயோஃபீன் இந்த வினைக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை.

கணக்குக்கு வருவோம். 500 பிபிஎம் கந்தகமுள்ள 100 லிட்டர் டீசலில் கந்தகம் சுமார் 42 கிராம். ஒரு மோல் (அணுக்களை, மூலக்கூறுகளை எண்ணும் அலகு) கந்தகத்துக்கு 2 மோல் பெராக்சைடு போதும் என்பது ஏட்டுக்கணக்கு. நடைமுறையில் 4 மோல் வைத்தால் 30 சதவீதக் கரைசல் அரை லிட்டருக்குச் சற்று மேல் தேவைப்படும். 1 சதவீதக் கந்தகமுள்ள டயர் எண்ணெய்க்கு இதே விகிதத்தில் 100 லிட்டருக்கு ஏறத்தாழ 12 லிட்டர் வேண்டும். அதிலுள்ள ஒலிஃபின்களும் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள்) லிமோனீனும் நைட்ரஜன் சேர்மங்களும் பெராக்சைடைத் தின்றுவிடும் என்பதால் அதுவும் போதாமல் போகலாம்; கூடவே பிசினும் படியும்.

இந்த 12 லிட்டர் முழுவதும் சிதைந்தால் சுமார் 1,400 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும். 100 லிட்டர் எண்ணெயின் வெப்பநிலையை 50 முதல் 60 டிகிரி உயர்த்தும் வெப்பமும் சேர்ந்தே வரும். துரு, செம்பு, பித்தளை எது பட்டாலும் சிதைவு வேகமெடுக்கும். அதனால் சாதா இரும்புத் தொட்டி கூடாது; கண்ணாடிப் பூச்சுள்ள கலனோ 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் வேண்டும். கலனை இறுக்கி மூடாமல், வாயு வெளியேற அகலமான வென்ட் வையுங்கள். வினை நடப்பது 50 முதல் 70 டிகிரியில். டீசலின் ஃபிளாஷ் பாயிண்டுக்கான (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) இந்தியத் தரத்தின் குறைந்தபட்ச அளவோ வெறும் 35 டிகிரி. எண்ணெய் ஆவியும் புது ஆக்சிஜனும் ஒரே இடத்தில் கூடும்போது ஒரு தீப்பொறி போதும். எனவே எண்ணெய்க்கு மேலுள்ள காலி இடத்தில் நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் எண்ணெயையும் ஃபார்மிக் அமிலத்தையும் வினையூக்கியையும் கலக்கிச் சூடேற்றுங்கள். பெராக்சைடைக் கடைசியில், சிறுகச் சிறுகச் சேருங்கள். வெப்பநிலை ஏறத் தொடங்கினால் சேர்ப்பதை நிறுத்திவிட்டுக் குளிர்வியுங்கள். அமிலத்தையும் பெராக்சைடையும் முன்கூட்டியே கலந்து வைக்கவே கூடாது. அதில் உருவாகும் பெர்ஃபார்மிக் அமிலம் வெடிக்கக்கூடியது. கலக்கும் கருவி நின்றுபோனால் பெராக்சைடு அடியில் தேங்கும். அந்த நிலையில் மோட்டாரை மறுபடி போட்டால் மொத்தமும் ஒரே நேரத்தில் வினைபுரியும். மோட்டார் நின்றால் பெராக்சைடு பம்பும் தானாக நிற்கும்படி இன்டர்லாக் இணைப்பு கட்டாயம் வேண்டும்.

அடுத்தது பிரித்தல். டீசலுக்கு அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானைக் கொண்டு இரண்டு மூன்று முறை பிரித்து, பிறகு நீரால் கழுவுவார்கள். டயர் எண்ணெயில் அரோமேட்டிக் (பென்சீன் வளையமுள்ள) சேர்மங்கள் அதிகம் என்பதால் அசிட்டோநைட்ரைல் நல்ல எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். டைபென்சோதயோஃபீனின் எடையில் கந்தகம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். ஆகவே 1 சதவீதக் கந்தகத்தை முழுதாக நீக்கினால் எண்ணெயில் 5, 6 சதவீதம் சேர்ந்தே போகும். இதனால்தான் ஏற்கெனவே சில நூறு பிபிஎம்முக்கு இறங்கிய எண்ணெய்க்குத்தான் இந்த முறை பொருந்தும் என்கிறோம். ஒதுக்கிய சல்ஃபோனை அடுப்பில் போட்டு எரித்தால் நீக்கிய கந்தகம் திரும்பக் காற்றுக்கே போகும். அதை அபாயக் கழிவாகக் கணக்கில் காட்டி, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்புங்கள்.

இந்த முறையில் கந்தகம் நீக்கும் சாதனம் வாங்குவோர் மூன்று மாதிரிகளுக்கு மொத்தக் கந்தக அளவீடு கேளுங்கள்: மூல எண்ணெய், ஆக்சிஜனேற்றம் முடிந்து பிரிப்பதற்கு முந்தைய எண்ணெய், பிரித்த பின் எண்ணெய். எக்ஸ் கதிர் கொண்டு தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வர வேண்டும். மூன்றாவதுதான் இறங்க வேண்டும். பிரிக்கும் படியே இல்லாத சாதனத்துக்கு மூன்றாவது மாதிரி இருக்காது.