இடங்களைப் பார்த்தது போதும், வாக்குகளையும் பாருங்கள்

தேர்தல் கருத்துக்கணிப்புக்கான கள ஆய்விலும் தரவுச் சரிபார்ப்பிலும் வேலை செய்கிறவன் நான். "பாஜகவின் தேர்தல் உத்திக்கு இனி மாற்றே கிடையாது" என்று நன்றாகப் படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். அதை நம்புவதற்கு முன் சில எண்களைப் பார்த்துவிடுங்கள்.

2024 அக்டோபரில் ஹரியானாவில் பாஜக 48 இடம், காங்கிரஸ் 37. வாக்கு விகிதமோ 39.94, 39.09. அதாவது நூற்றுக்கு ஒரு வாக்குகூட வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு ஒடிசா சட்டமன்றத்தில் பாஜக 78, பிஜு ஜனதா தளம் 51. வாக்கில் முந்தியது தோற்ற கட்சிதான்: 40.22, பாஜக 40.07. நவீன் பட்நாயக்கின் 24 ஆண்டு ஆட்சி மீதான சலிப்பு அங்கே பெரிய காரணம். நவீனின் நெருங்கிய உதவியாளரும் தமிழ்நாட்டில் பிறந்தவருமான முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி வி.கே. பாண்டியனைக் குறிவைத்து, ஒடியாக்களின் தன்மானம் என்று பாஜக பிரசாரம் செய்தது. அது எடுபட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை அப்படியே வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

எல்லா வெற்றியும் இப்படி இல்லை. 2025 டெல்லியில் பாஜகவின் வாக்கு 38.5 சதவீதத்திலிருந்து 45.6 ஆக ஏறியது. அது உண்மையான வளர்ச்சி. அங்கேயும் ஆம் ஆத்மிக்கு 43.6 சதவீதம் இருந்தது, இடம் மட்டும் 62-லிருந்து 22 ஆகச் சரிந்தது. பெண்களுக்கு மாதம் 2,500 ரூபாய் என்று பாஜகவே வாக்குறுதி தந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2022-ல் இலவச அரசியலைப் பிரதமர் கடுமையாகச் சாடியிருந்தார்.

இந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும். மக்களவையில் 2019-க்கும் 2024-க்கும் இடையே பாஜக இழந்த வாக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இழந்த இடங்கள் 63. "மோடி காலம் முடிந்தது" என்று அப்போது எழுதியவர்களும் அவசரப்பட்டார்கள். தொகுதியில் முதலிடம் வந்தால் போதும் என்ற நம் தேர்தல் முறை, சின்ன அசைவையும் பெரிதாக்கிக் காட்டும்.

இன்னொன்று, முடிவு வந்தபின் நடக்கும் ஆய்வுகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். ஜெயித்த கட்சிக்கு வாக்களித்ததாகச் சொல்பவர்கள், உண்மையில் விழுந்த வாக்கைவிடக் கூடுதலாக இருப்பார்கள். உங்கள் தொகுதி நிலவரம் வேண்டுமென்றால், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20-ஐத் தேடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும்.