சாள்: மும்பையின் லைன் வீடு

மும்பை பற்றிய செய்திகளைத் தமிழாக்குகிறவர்கள் அடிக்கடி இடறும் சொல் இது. chawl என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'சால்' என்றும் 'சாவல்' என்றும் எழுதிவிடுகிறார்கள். மராத்தியில் இந்தச் சொல் ளகரத்தில் முடிகிறது. ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லை, நம்மிடம் இருக்கிறது. 'சாள்' என்று எழுதினால் மூலத்துக்கும் நெருக்கம். உழவுச்சால், தண்ணீர்ச்சால் எதனோடும் குழம்பாது.

ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த வாடகை அறைகள் என்பது பொருள். இரண்டு மூன்று மாடி, மாடிதோறும் நீளமான நடை, நடையை ஒட்டிக் கதவுகள். ஒவ்வொரு அறையும் ஒரு 'கோலி'. அதன் மூலையில் பாத்திரம் கழுவ, குளிக்க ஒரு 'மோரி'. கழிப்பறை பெரும்பாலும் நடைக்கோடியில், எல்லாருக்கும் பொது. மராத்தியில் ஆட்டக்காரர் காலில் கட்டும் சலங்கைச் சரத்துக்கும் சாள் என்றே பெயர். சரத்தில் மணிகள், நடையில் அறைகள் என்று முடிச்சுப் போட ஆசைதான். ஒலி ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

சொல்லைப் பரப்பியவை பஞ்சாலைகள். பார்சி வணிகர் காவஸ்ஜி தாவர் 1854இல் தொடங்கிய ஆலை தார்தேவில் 1856இல் ஓடத் தொடங்கியது. அப்புறம் பரேல், லால்பாக், வொர்லி வட்டாரமெல்லாம் புகைபோக்கிகள். அந்தப் பகுதிக்கே 'கிரண்காவ்', அதாவது மில்லூர், என்று பெயர் வந்தது. ரத்னகிரியிலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் ஆண்கள் தனியாக வந்தார்கள். ஒரே கோலியில் ஒரே ஊர்க்காரர்கள் பலர், ஷிஃப்ட் முறையில் தூங்கினார்கள். சாப்பாட்டுக்கு, பெண்கள் வீட்டிலேயே நடத்திய 'கானாவள்' இருந்தது.

வரிசை என்றால் சமம் என்று தோன்றும். அங்கே அப்படி இல்லை. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை ஊரும் சாதியும் முடிவு செய்தன; அந்த முடிவு மில்லுக்குள்ளேயும் தொடர்ந்தது. நெசவுப் பிரிவில் தார், அதாவது ஊடைநூல் சுற்றிய குச்சி, தீர்ந்தால் புதுத் தார் போட்டு, அதைச் சுமந்து ஓடும் நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் தொழிலாளி வாய்வைத்த நாடாவைத் தொடமாட்டோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதனால் கூலி கூடுதலாக இருந்த நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு அடைபட்டது. குறைந்த கூலிக்கு நூற்புப் பிரிவிலேயே நின்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். அவரே பரேலில் ஒரு சாளில் பல ஆண்டுகள் குடியிருந்தவர்; தாதரில் சொந்த வீடு கட்டிய பிறகுதான் அதைவிட்டுப் போனார்.

1920களில் அரசே சாள் கட்டியது. வொர்லி, நாய்காவ், லோயர் பரேல், சிவ்ரி நான்கு இடங்களிலும் சேர்த்து 207 கட்டடங்கள், அறைக்கு 160 சதுர அடி. தலித் சிறுத்தைகளுக்கும் சிவசேனைக்காரர்களுக்கும் 1974இல் மோதல் வெடித்தது இந்த வொர்லி சாள்களில்தான்.

1982 ஜனவரி 18இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலான மில்கள் அதற்குப் பிறகு தலையெடுக்கவில்லை. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று மால். புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சேரி', 'குடிசைப் பகுதி' இரண்டும் தவறு. தாராவியின் குடிசைகளுக்கு அங்கே 'ஜோப்பட்பட்டி' என்று வேறு சொல் உண்டு. தன் வீட்டை அப்படிச் சொன்னால் சாள்வாசி சண்டைக்கே வருவார். 'அடுக்குமாடிக் குடியிருப்பு' என்றால் லிஃப்டும் கார் நிறுத்துமிடமும் கண்ணில் வரும். நெல்லைப் பக்கத்து 'வளவு' பொது முற்றத்தைக் காட்டும், ஆனால் சொந்தபந்த வாசனை அதிகம். இலங்கை மலையகத்தின் 'லயம்' கருத்தளவில் மிக நெருக்கம். உழைக்க வந்தவர்களை ஒரு வரிசையில் அடைத்த வீடு, ஆங்கில 'லைன்' தமிழாகிப் பிறந்த சொல். ஆனால் அது தேயிலைத் தோட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. சொன்னதும் மலைச்சரிவும் தகரக் கூரையும்தான் நினைவுக்கு வரும்.

என் ஓட்டு 'லைன் வீடு'க்கு. கோவைப் பக்கம் மில் தொழிலாளர் குடியிருந்த வரிசைகளுக்கு வழங்கும் பெயர் அது. 'நிரைவீடு' என்று தூய தமிழில் சொல்லலாம், யாருக்கும் புரியாது. கட்டுரையில் முதல்முறை 'சாள் என்கிற மாடி லைன் வீடு' என்று எழுதிவிட்டு, அப்புறம் சாள் என்றே தொடர்ந்தால் போதும்.

ஒரு விலக்கு உண்டு. கிரண்காவ் வேறு, கிர்காவ் வேறு. கிர்காவ் சாள்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். அங்கே கேசவ்ஜி நாயக் சாளில் 1893இலேயே பொது விநாயகர் விழா தொடங்கிவிட்டது. அந்தச் சாளைப் பற்றி எழுதும்போது லைன் வீடு பொருந்தாது. பல குடித்தனங்கள் ஒன்றாக இருக்கும் திருவல்லிக்கேணி 'ஸ்டோர்' என்றால் சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.