குளிர்த் தகைவு

குளிரால் தாவரத்துக்கு நேரும் பாதிப்பைக் குறிக்கும் 'கோல்டு ஸ்ட்ரெஸ்' என்பதைக் 'குளிர் அழுத்தம்' என்று எழுதுவோர் பலர். அது வேண்டாம். தாவரத்துக்கு வேர் அழுத்தம் உண்டு, செல்லின் உள்நீர் செல்சுவரை அழுத்தும் விறைப்பழுத்தம் உண்டு. இரண்டும் அழுத்த அலகான பாஸ்கலில் அளக்கப்படுபவை. 'குளிர் அழுத்தத்தால் விறைப்பழுத்தம் குறைந்தது' என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் கண்ணில் படும்.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லின் வேர், இறுக்குதலைக் குறிக்கும் லத்தீன் வினை. அந்த வகையில் 'இறுக்கம்' பிழையில்லை. ஆனாலும் 'தகைவு' இன்னும் கூர்மை. தகைதல் என்றால் தடுத்தல். குளிரில் செல்லுக்குள் நடப்பதும் அதுதான். இயற்பியலார் இச்சொல்லை முன்பே எடுத்தாண்டிருப்பது தடையாகாது, ஆங்கிலத்திலும் இரு துறைக்கும் ஒரே சொல்தான். 0 பாகைக்கு மேல், ஏறக்குறைய 15 பாகை செல்சியஸ் வரை நேர்வது குளிர்த் தகைவு. திசுவில் பனிக்கட்டி உருவானால் அது உறைதகைவு. இரண்டையும் கலக்கக் கூடாது.

தடை எங்கே விழுகிறது? செல்லுக்கு ஆற்றல் ஆக்கித் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியனில். கிரேக்கத்தில் மிட்டோஸ் இழை, கோண்ட்ரியோன் சிறுமணி. 1898இல் கார்ல் பெண்டா இணைத்த பெயர். தமிழில் இழைமணி. ('மைட்டோகாண்ட்ரியா' என்பதே பன்மை; 'மைட்டோகாண்ட்ரியாக்கள்' என்பது பன்மைக்கு மேல் பன்மை.)

குளிரில் இழைமணியின் உள்சவ்வுக் கொழுப்பு இறுகுகிறது, நொதிகள் சுணங்குகின்றன. அச்சவ்வில் எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆக்சிஜனிடம் சேர்க்கும் புரதத் தொகுதிகளின் வரிசையே சுவாசச் சங்கிலி. அதன் மூன்றாம், நான்காம் கூட்டுத்தொகுதிகள் எலக்ட்ரான்களை வேகமாகக் கடத்த முடியாமல் போக, அந்த எலக்ட்ரான்கள் அவற்றுக்கு முன்னுள்ள கடத்தியான யுபிகுவினோனில் தேங்குகின்றன. தேங்கியவற்றில் சில வழிதவறி ஆக்சிஜனைப் பற்றி, தீங்கான ஆக்சிஜன் வடிவமான சூப்பராக்சைடாகி, சவ்வையும் புரதத்தையும் சிதைக்கின்றன.

இதற்குத் தாவரம் வைத்திருக்கும் வடிகால் 'மாற்று ஆக்சிடேஸ்' என்னும் நொதி. யுபிகுவினோனிலிருந்து எலக்ட்ரானை வாங்கி நேரே ஆக்சிஜனிடம் கொடுத்து நீராக்கிவிடும். விலை பெரிது: சங்கிலி உள்சவ்வுக்கு வெளியே தள்ளும் புரோட்டான்களைக் கொண்டுதான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஆகிறது. சங்கிலிக்கு எலக்ட்ரான் தரும் மூலக்கூறான என்ஏடிஹெச் ஒன்றுக்கு 10 புரோட்டான்கள் வெளியேற்றப்பட வேண்டிய இடத்தில், முதல் கூட்டுத்தொகுதியின் 4 மட்டுமே மிஞ்சும். ஏடிபி குறையும், மீதி ஆற்றல் வெப்பமாகும். ஆனால் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும், இழைமணி பிழைக்கும்.

அளக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் மின்வாய் பொருத்திய கலனில் இலைத்துண்டை இட்டு, சயனைடு சேர்த்து நான்காம் கூட்டுத்தொகுதியை அடைக்கிறோம். அதன்பின்னும் ஆக்சிஜன் குறைந்து, மாற்று ஆக்சிடேஸை அடைக்கும் சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம் சேர்த்ததும் அந்தப் பங்கு நின்றால், அது மாற்று வழியின் பங்கு. ஆனால் முதன்மை வழியை நாமே அடைத்ததால் எலக்ட்ரான்கள் முழுவதும் இப்பக்கம் திரும்பியிருக்கும். ஆகவே கிடைக்கும் எண்ணை 'மாற்று வழியின் கொள்திறன்' என்று எழுத வேண்டும். 'மாற்று வழிச் சுவாச வீதம்' என்று எழுதினால் தவறு. உண்மை வீதம் வேண்டுமென்றால், தடுப்பான் எதுவும் சேர்க்காமல், ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18 எந்த அளவு எடுக்கப்படாமல் ஒதுக்கப்படுகிறது என்று அளக்க வேண்டும்; மாற்று ஆக்சிடேஸ் அந்தக் கன ஐசோடோப்பைக் கூடுதலாக ஒதுக்கும்.